பகலில் தெரியாத தீ

வால் ஆடுகிறது. இப்போதுதான் பார்த்தேன், ஆடியது. மறுபடி பார்க்கிறேன், ஆடுகிறது. வால் ஆடுகிற வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆராய்ச்சி செய்கிற பிள்ளை ஹசீனா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வால் என்றால் ஒரு சிவப்பு நூல், அவ்வளவுதான். கழுவுதொட்டிக்குள் தொங்குகிற ரப்பர் குழாயின் வாயில் கட்டியிருக்கிறது. தண்ணீர் விழ விழ நூலும் அதோடு துள்ளும். குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியாது, நூல் துள்ளினால் தெரியும். இந்தக் கெமிஸ்ட்ரி லேப்பில் எந்தக் காலத்திலோ எந்தப் பிள்ளையோ ஆரம்பித்து வைத்த பழக்கம். "வாலைப் பாத்துக்கிறுங்கண்ணே, நான் கமிட்டியில தலையைக் காட்டிட்டு வந்துர்றேன். இதுல எதுலயும் நீங்க கை வைக்க வேணாம். ஏதாச்சும்னா எனக்கு ஒரு போன் அடிங்க." கை வைக்க வேணாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை காதுக்குள் நுழைந்தால் நேராகப் போய் உட்காருவதற்கு எனக்குள் ஒரு இடம் இருக்கிறது. யார் சொன்னாலும், எந்தக் குரலில் சொன்னாலும் அங்கேதான் போய் உட்காருகிறது. சரி, கை வைக்கவில்லை தாயே. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அட்டெண்டர் இருளப்பன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வயசில் இன்னமும் உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடை விடுமுறை. மாடியில் ஒரு ஆள் கிடையாது. பக்கத்து அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டில் வாட்ச்மேன் இருப்பான், அவன் இந்நேரம் வேப்பமரத்தடியில் வாயைத் திறந்து படுத்திருப்பான். இங்கே குடுவை கொதிக்கிற சத்தமும், ஃபிரிட்ஜ் அடிக்கடி உதறிக்கொள்கிற சத்தமும், நானும்தான். மடக். இதோ, இந்தச் சத்தமும். ஒவ்வொரு தடவையும் இதற்குத் தூக்கிப்போடுகிறது. கீழே குடுவையில் மெத்தனால் கொதித்து ஆவியாகி மேலே போகிறது. மேலே நிற்கிற கண்ணாடிக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, அந்தக் குளிர்ச்சி பட்டு ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்பி, நடுவில் காகிதக் கூட்டில் இருக்கிற பொடியை நனைக்கிறது. கூடு இருக்கிற கண்ணாடி நிரம்பி வழியப்போகிற நேரத்தில், பக்கத்து வளைவுக்குழாய் மொத்தத்தையும் ஒரே மடக்காகக் கீழே இழுத்துக்கொள்ளும். யாரோ ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்று எச்சில் விழுங்குகிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பார்த்த பிறகு வாலைப் பார்த்தேன். ஆடுகிறது.

மெத்தனால் என்று அந்தப் பிள்ளை சும்மா சொல்கிறாள். அவளுக்கு அது ஒரு டப்பா, எனக்கு அது ஒரு ஆள். பழகிய ஆள், ஆனால் நம்பக்கூடாத ஆள். மண்ணெண்ணெய் எரிந்தால் மஞ்சளாக எரியும், புகையும், கண்ணுக்குத் தெரியும், ஓடலாம். இது பகலில் எரிந்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் இது எரிவதைக் கண்ணால் பார்த்தவன் நான், பார்த்தவன் என்று சொல்வதே தப்பு, பார்க்காதவன். முன்னே ஒரு தடவை மேஜையில் சிந்தியதைத் துணியால் துடைக்கப்போனேன். மேஜை சும்மா மேஜையாகத்தான் இருந்தது. துணியை வைத்தேன். துணி தானாகக் கறுத்துச் சுருண்டது. என்ன இது என்று பார்க்கும்போதே கை முடியெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருள ஆரம்பித்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். முடி சுருளுவதை. அப்புறம்தான் சூடு. அப்புறம்தான் அலறினேன். வலது முன்னங்கையில் அந்த இடத்தில் இன்றுவரைக்கும் முடி கிடையாது, வழித்துவிட்ட மாதிரி இருக்கும். அன்றிலிருந்து இந்த அறைக்குள் காலை வைத்தால் நான் முதலில் பார்ப்பது தீ இல்லாத இடங்களைத்தான். வெறும் மேஜையைப் பார்த்து, இங்கே எரியவில்லையே என்று பார்ப்பேன். வெறும் தரையைப் பார்ப்பேன். எரியவில்லை என்று கண் சொல்லும், கண்ணை எப்படி நம்புவது. அதனால் இடது கையை முன்னால் நீட்டி, அதில் முடி நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். புதிதாக வருகிற பிள்ளைகள், இருளப்பண்ணே ஏதோ மந்திரம் போடுறார் என்று கேலி பேசும். பேசட்டும். இப்போதும் பார்த்தேன். நிற்கிறது. மின்விசிறி போடவில்லை, ஏனென்றால் அந்த ஸ்விட்சைத் தட்டினால் பொறி வரும். அது மட்டுமில்லை, இந்தக் குடுவைக்கு அடியில் இருக்கிற ஹீட்டருக்கும் சுவரில் உள்ள ஸ்விட்ச் அதே ஜாதிதான். சடக் என்று தட்டினால் உள்ளே நீலமாக ஒரு பொறி. எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். "லேப்னா கொஞ்சம் பொறி பறக்கத்தான் செய்யும்ணே, அப்பத்தான் விஞ்ஞானம்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தான். அவனையும் நான் மறக்கவில்லை. நான் ஒருத்தரையும் மறப்பதில்லை.

பொடியைப் பற்றி அவளிடமே ஒரு நாள் கேட்டேன். அம்மியில் அரைக்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கட்டியை அரைத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா இது, கோலமாவா என்றேன். "குழிண்ணே. எல்லாம் குழி. கண்ணுக்குத் தெரியாத குழி." அப்புறம் சொன்னாள். அவளுடைய ஊரில் பருத்திக்காட்டுக் கிணறுகளில் பூச்சிமருந்து இறங்கிக் கிடக்கிறதாம். தண்ணீரைக் குடித்த ஆடு கிணற்றடியிலேயே காலை நீட்டுகிறதாம். அந்த விஷத்தை உடைக்கிறதுக்குத்தான் இந்தப் பொடி. "விஷம் உடையுற அந்த நொடியில எப்படி நெளிஞ்சு நிக்குமோ, அதே மாதிரி நெளிஞ்சு நிக்கிற, ஆனா உடையாத ஒரு மருந்து இருக்குண்ணே. அதைப் பொய்விஷம்னு வெச்சுக்கங்க. அதை நடுவுல விட்டு, சுத்திக் கைகோத்து நிக்கிற மாதிரி வேற சிலதைப் போட்டு, அப்படியே கல்லா இறுக வெச்சிரணும். இறுகின பிறகு பொய்விஷத்தை மட்டும் கழுவி வெளிய எடுத்துட்டா, அது நின்ன இடம் அதே நெளிசலோட குழியா நிக்கும். நிஜ விஷம் தண்ணியில வந்து அந்தக் குழியில விழும். குழி அதைப் பிடிச்சு நெளிய வைக்கும். நெளிஞ்சா உடைஞ்சு போகும்." நான் கேட்டேன், நம்ம வயித்துக்குள்ள சோறு உடையுறதும் இப்படித்தானோ என்று. இல்லை, நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "உடம்புக்குள்ள சோத்தை உடைக்கிறது நிஜ என்சைம். வெயில் பட்டா கெட்டுப்போகும். நான் செய்யுறது செயற்கை. பொய் என்சைம். கெடாது." பொய்விஷத்தை வெச்சு பொய் என்சைமா, உங்க படிப்புல நிஜம்னு ஒண்ணும் கிடையாதா என்றேன். "டிகிரி மட்டும் நிஜமா வேணும்ணே" என்று சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகுதான் அவள் முகத்தில் இருந்த கவலை தெரிந்தது. அந்தப் பொய்விஷம் யாரோ வெளியூர் லேப்பில் இரக்கப்பட்டுக் கொடுத்தது. எல்லாவற்றையும் இந்தப் பொடியில் போட்டு இறுக்கியாகிவிட்டது. இனிக் கேட்டாலும் கிடைக்காது. இந்தக் கூட்டில் இருக்கிற ஒரு பிடிப் பொடி போனால் அவள் படிப்பும் அதோடு போயிற்று, வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் இத்தனை வருஷமும் காகிதக் கூட்டுக்குள் நனைந்துகொண்டு நிற்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள நான், கை வைக்கக்கூடாத நான். மடக். வால் ஆடுகிறது. கொஞ்சம் மெதுவாக ஆடுகிற மாதிரி இல்லை? இல்லை, என் கண்தான். கண்ணை நம்பக்கூடாது.

ஞானசிகாமணி சாரும் இப்படித்தான் ஒரு குடுவையை விட்டுவிட்டுப் போனார். அவர் என்னிடம் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை, கொதிக்கிறதை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அப்போது அவர்தான் இந்த டிபார்ட்மெண்டின் தலைவர், நான் சேர்ந்த புதிது, மீசை கறுப்பாக இருந்த காலம். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாலைப் பார்த்தேன். தொங்குகிறது. தண்ணீர் நின்றுபோயிருந்தது. இந்த ஊரில் தண்ணீர் நிற்பது அதிசயமா, வந்தால்தான் அதிசயம். ஆவி மேலே வழியாக வெளியே வர ஆரம்பித்துவிட்டது, மூக்கில் ஏறியது. நான் ஓடிப்போய் ஹீட்டரை அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. அதுதான் என் தலையெழுத்து. வால் ஒன்றும் தெரியாத நாய்க்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. "யாருடா அணைச்சது?" நான்தான் சார், தண்ணி நின்னுபோச்சு சார். "தண்ணி ஓடுதேடா. வால் ஆடுதேடா. மூணு நாளாக் கொதிச்சது எல்லாம் போச்சேடா." மதுரையிலிருந்து பரீட்சை நடத்த வந்த வாத்தியார் வாசலில் நிற்கிறார். பெண்பிள்ளைகள் ஒரு வரிசை நிற்கிறது. சார் விரலை நீட்டினார். நைட்ரிக் அமிலம் பட்டு நகத்தோரம் மஞ்சளாகிப்போன விரல். அந்த மஞ்சள் என் மூக்குக்கு முன்னால் ஆடுகிறது. "பாத்திரம் கழுவுற கைக்கு இதுல என்னடா வேலை? இனிமே நான் சொல்லாம எதுலயும் நீ கை வைக்கக் கூடாது." வைக்கவில்லை. அவர் சொன்னதை நான் சாமி வாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு சமயம் தராசு அறையில் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பிரின்சிபால் தலையில் சொட்டியது. ஓடி வந்து ஏண்டா மூடலை என்று கத்தினார்கள். சார் சொல்லலை என்றேன். அன்றைக்கு ராத்திரி சோறு நன்றாக இறங்கியது. ஆனால் அது ஒரு நாள்தான். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது மறுபடியும் அந்த விரல். பஸ்ஸில் கண்டக்டர் விரலை நீட்டி உள்ள போ என்றால் அவர் விரல். மகள் கல்யாணத்தில் மருமகன் பந்தியைப் பார்த்து விரல் நீட்டி என்னவோ கேட்டார், பாயசம்தான் கேட்டார் பாவம், எனக்கு அதுவும் சார் விரல்தான். மாரக்கா சொல்வாள், "எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருந்தாக்கூட அவளை இம்புட்டு நெனச்சிருக்க மாட்டீக." பெண்டாட்டி சொல்வது சரிதான். அவள் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. சாருக்குத்தான் பதில் வைத்திருக்கிறேன். முதலில் அது நீளமாக இருந்தது. என் கைகளைப் பற்றி, அவர் சாதியைப் பற்றி, அவர் படிப்பைப் பற்றி எல்லாம் இருந்தது. வருஷம் போகப் போக ஒவ்வொன்றாக உதிர்ந்து இப்போது ஒரு கைப்பிடிதான். சார், தண்ணி நின்னப்ப நீங்க இல்ல. நான் இருந்தேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நல்ல வேளை வரும் வரும் என்று இருந்தேன், அவர் ரிட்டையர் ஆகி, ஊரோடு போய், போன பங்குனியில் செத்தும் போனார்.

வினிகர் வாடை அடிக்கிறதா? கழுவுகிற மெத்தனாலில் அவள் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் கலந்திருக்கிறாள், ஆவி வெளியே வந்தால் புளிப்பு வாடை அடிக்கும். மூக்கை உறிஞ்சினேன். அடிக்கிறது. இல்லை, காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட ஊறுகாய். வால்? வால் ஆடவில்லை. இல்லை, நுனி ஆடியது. ஆடியதா? ஸ்டூலை விட்டு எழுந்தால் சரியாகத் தெரியும். எழவில்லை. எழுந்து பார்த்து, நின்றுபோயிருந்தால், அப்புறம் நான் என்ன செய்வது. உட்கார்ந்திருக்கும்வரை இன்னும் நிற்கவில்லை. போன் அடிக்கலாம், அதைத்தான் சொன்னாள், போன் அடிப்பது கை வைப்பதில் சேராது. சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் பேரை அமுக்கினேன். மணி அடிக்கிறது. எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அப்புறம்தான் கேட்டது, மணி இந்த அறைக்குள்ளேயே அடிக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியில் அவள் பை. பைக்குள் அவள் போன். பள்ளிவாசல் பாங்கு ஓசையை மணியாக வைத்திருக்கிறாள், காலியான லேப்பில் அது ஏறி ஏறி ஒலிக்கிறது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி, கூப்பிடுகிற ஆளும் நான், கேட்கிற ஆளும் நான். நிறுத்தினேன். எழுந்துவிட்டேன். தொட்டிப் பக்கம் போகவில்லை, தள்ளி நின்றே எட்டிப் பார்த்தேன். வால் தொங்குகிறது. அசைவில்லை. அன்றைக்குத் தொங்கிய அதே மாதிரி. மடக். குடுவை மட்டும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே கண்ணாடிக் குழாயின் வாயில் காற்று நெளிகிற மாதிரி இருக்கிறது, வெயில் நேரத்தில் தார் ரோட்டின் மேல் நெளிவது மாதிரி. ஃபிரிட்ஜ் உதறியது. ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு பொறி உண்டு, உதறும்போதெல்லாம் உண்டு என்று யாரோ ஒரு பையன் சொல்லியிருக்கிறான். கையைப் பார்த்தேன். முடி நிற்கிறதா? வியர்வையில் படிந்து கிடக்கிறது. படிந்த முடியில் என்ன தெரியும்? ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. படியில் இறங்கி வாட்ச்மேனை எழுப்பி, நான் ஒன்றுக்குப் போயிருந்தேன் என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள். கை வைக்காதே என்று அவளே சொன்னாள். சாட்சி வேண்டுமானால் அந்த வார்த்தைதான் சாட்சி. எரியட்டும். இவர்கள் விஞ்ஞானம் எரியட்டும், கழுவுகிற கைக்கு இதில் என்ன வேலை. நினைக்கும்போதே வாய் கசந்தது. எரிவதும் தெரியாதே. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஒன்றும் இல்லாத வெறும் மேஜையில் கையை ஊன்றுவாளே.

சார் செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஏன் போனேன் என்று மாரக்காவும் கேட்டாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போய்விட்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்தேன். விரலைப் பார்க்கத்தான் போனேன். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள், இரண்டு கைக் கட்டைவிரலையும் வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த ஆள்காட்டி விரல் மட்டும் கட்டுக்கு வெளியே லேசாக மடங்கிக் கிடந்தது. நகம் வெள்ளையாக இருந்தது. மஞ்சள் இல்லை. அமிலத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும், நகம் வளர்ந்து வெட்டி வளர்ந்து வெட்டி எல்லாம் போயிருக்கும், இது எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் வேறு யாரையோ கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. இவர் இல்லை. நான் பதில் வைத்திருப்பது இந்தக் கிழவருக்கு இல்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்தேன். வந்த பிறகு எல்லாம் தீர்ந்துவிடும் என்று இருந்தேன். ஆளே போயாச்சு, இனி என்ன. ஹசீனா சொல்வாள், எவ்வளவு கழுவினாலும் பொய்விஷம் முழுசாகப் போகாதாம், ஏதோ ஒரு மூலைக் குழிக்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்குமாம், எல்லாம் சுத்தம் என்று நினைக்கிற நேரத்தில் மெல்லக் கசிந்து வருமாம். அவள் இன்னொரு புட்டியும் வைத்திருக்கிறாள். அதே சாமான்கள், அதே சூடு, ஆனால் நடுவில் பொய்விஷம் போடாமல் இறுக்கியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமாம். அந்தப் புட்டியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த விரல் என் முன்னால் ஆடாமலே இருந்திருந்தால் நான் எப்படி இறுகியிருப்பேன். நல்ல மனுஷனாக இருந்திருப்பேனோ, ஒன்றுக்கும் உதவாத வெறும் பொடியாக இருந்திருப்பேனோ. இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன். வாடை அடிக்கிறது. இது ஊறுகாய் இல்லை.

ஜன்னலைத் திறந்தேன். அது கை வைப்பதில் சேருமா, சேரட்டும். ஒரு ஜன்னல், இன்னொரு ஜன்னல், மூன்றாவது துருப்பிடித்து வரவில்லை, அதைக் குத்தினேன், வந்தது. வெயில் காற்று முகத்தில் அடித்தது, இது காற்றா சூடா, சூடு என்றால் எதன் சூடு. ஸ்விட்ச் முன்னால் போய் நின்றேன். கை எழுந்தது, பாதியில் நின்றது. அணைத்தால் பொறி வரும். இந்த அறை முழுக்க ஆவி இருந்தால் அந்தப் பொறி போதும். அணைக்காவிட்டால் ஆவி இன்னும் வரும். அணைத்துவிட்டு அவள் வரும்போது தண்ணீரும் வந்திருந்தால்? வால் துள்ளிக்கொண்டிருந்தால்? யாருண்ணே அணைச்சது. எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. எரிந்துபோவதா, அந்தக் கேள்வியா. வெட்கக்கேடு, கேள்விதான் பெரிதாக இருந்தது. உடம்பு கருகுவதைவிட ஒரு பெண்பிள்ளை விரல் நீட்டுவது. அன்றைக்கு ஓடிப்போய் அணைத்தவன் யார்? அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தண்ணீர் நின்றது, கை போனது. நினைப்பு வருவதற்கு முன்னாலேயே கை போனது. அந்தக் கை எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மடக். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். சடக். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும். கண்ணைத் திறந்தால் மேஜை சும்மா மேஜையாக நிற்கிறது, குடுவை சும்மா நிற்கிறது, எரிந்தாலும் அப்படித்தான் நிற்கும். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, குருடன் மாதிரி, சூடு எங்கே வந்து தொடும் என்று நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் முடி இல்லாத இடம் மட்டும் சில்லென்று இருந்தது. கொதி அடங்கிக்கொண்டே வந்தது. குடுவைக்குள் பெரிய குமிழி, சின்னக் குமிழி, அப்புறம் ஒன்றுமில்லை. இந்த அறையில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருண்ணே ஆஃப் பண்ணது?" வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் இரண்டு சமோசா, எண்ணெய் ஊறிய காகிதம். இங்கே வேறு யார் இருக்கிறார்கள், இருந்தாலும் யார் என்றுதான் கேட்பார்கள், அப்படித்தான் கேட்பார்கள். "நான்தான்" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். பதில் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது, இத்தனை காலம் தேய்த்துத் தேய்த்து வைத்தது. தண்ணி நின்னப்ப நீங்க இல்ல. அவள் என்னைத் தாண்டித் தொட்டிக்குப் போனாள். குனிந்து குழாயின் வாயில் விரலை வைத்தாள். "தண்ணி நிக்கலையேண்ணே." விரலை எடுக்காமலே சொன்னாள். "நூலாட்டம் வருது பாருங்க, தொட்டிச் செவத்தோட வழியுது. வால் ஈரத்துல செவத்துல ஒட்டிக்கிருச்சு." நான் பார்த்தேன். வந்துகொண்டிருந்தது. மெல்லிசாக, சத்தமே இல்லாமல், சுவரோடு சுவராக. கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கிட்டே போகவில்லை. அப்படியானால் தண்ணீர் நிற்கவில்லை. அப்படியானால் என் பதிலுக்கு முதல் வார்த்தையே கிடையாது. அன்றைக்காவது நின்றதா? அன்றைக்கு நான் தொட்டுப் பார்த்தேனா? தொங்கிய வாலைத்தானே பார்த்தேன். இல்லை, நின்றது, வாடை வந்தது, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா? அவள் நிமிர்ந்தாள். ஈர விரல் என்னை நோக்கி எழுந்தது. இதோ. வரட்டும். அந்த இடம் திறந்துகொண்டு காத்திருக்கிறது, எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறது, வரட்டும். அவள் கையை உதறி, துப்பட்டாவில் துடைத்தாள். "இம்புட்டுக் கம்மியா வந்தா அணைக்கிறதுதான் சரி. கீழ பாட்டனிக்காரங்க செடிக்குத் திறந்துவிட்டிருப்பாங்க. பொடிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, அது பாட்டுக்குக் கூட்டுக்குள்ள இருக்கும். கொஞ்சம் காத்தாடட்டும், மறுபடி போட்டுக்கலாம்." அவ்வளவுதானா? மூன்று நாள் போச்சு, படிப்பு போச்சு என்று ஒன்றும் இல்லையா? இன்னும் ஏதாவது வரும் என்று நின்றேன். வரவில்லை. விழவேண்டியது விழாமல் அந்த இடம் வாயைத் திறந்தபடி நின்றது, அதற்குள் காற்றுப் போவது எனக்குக் கேட்டது. அவள் சமோசாவை நீட்டினாள். நான் வாங்கப்போய் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் என் கையைப் பார்த்தாள். "என்னண்ணே இப்படி நடுங்குது? பயந்துட்டீங்களா?" இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. மாரக்காகூட. இதற்கு நான் பதில் தயார் செய்து வைக்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்றது. என் குரல்தான், ஆனால் மீசை கறுப்பாக இருந்த ஒருவனின் குரல். "ரொம்பப் பயந்துட்டேன். அன்னைக்கும் அப்படித்தான் பயந்துட்டேன்." அவள் ஒட்டிக்கொண்டிருந்த வாலை விரலால் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு என் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைக்குண்ணே?"